வினையூக்கி மாற்றியின் மிகைவெப்பம்

வினையூக்கி மாற்றியின் மிகைவெப்பம் என்பது, தானுந்தின் வெளியேற்றக் குழாயில் பொருத்தப்பட்டுள்ள வினையூக்கி மாற்றி (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) இயல்பான வெப்பநிலையைக் கடந்து சூடேறும் பழுதைக் குறிக்கும். இப்பழுது பெரும்பாலும் மாற்றியில் தொடங்குவதில்லை. எஞ்சினில் எரியாது விடுபட்ட எரிபொருள் மாற்றிக்குள் எரிவதே முதன்மைக் காரணமாகும். எனவே மூல காரணத்தைக் கண்டறியாமல் மாற்றியை மட்டும் புதிதாகப் பொருத்தினால், அதுவும் விரைவில் கெட்டுவிடும்.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாதிரித் தானுந்துகளிலிருந்து இக்கருவி பரவலானது. இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல், தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் விற்கப்பட்ட புதிய பெட்ரோல் தானுந்துகளுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. ஈயம் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்யும் என்பதால், ஈயமற்ற பெட்ரோலும் அந்நகரங்களில் வழங்கப்பட்டது.

வெப்பம் உண்டாகும் விதம்

மாற்றியின் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி உள்ளது. அதன் மீது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடும் ஐதரோகார்பன்களும் இங்கு ஆக்சிசனேற்றம் அடையும்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசில் மாற்றி செயற்படத் தொடங்கும். இயல்பாக 400 முதல் 800 பாகை வரை இயங்கும். சுமார் 1000 பாகையைத் தாண்டினால் உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு வினைத்திறனை இழக்கும். 1400 பாகைக்கு மேல் பீங்கானே உருகி வழியை அடைக்கக்கூடும்.

காரணங்கள்

* தீப்பொறிச் செருகி (ஸ்பார்க் பிளக்), அதன் கம்பி அல்லது சுருள் பழுதாகி, ஓர் உருளையில் எரிதல் தவறுதல்
* கார்புரேட்டரின் சோக்கு மூடியபடி சிக்கிக்கொள்ளுதல், எரிபொருள் தெளிப்பான் கசிதல், ஆக்சிசன் உணரி பழுதடைதல் ஆகியவற்றால் கலவையில் பெட்ரோல் மிகுதல்
* தீப்பொறி நேரம் பின்தங்குதல்
* எரிந்துபோன வெளியேற்று வால்வு
* மாற்றி முன்னரே அடைபட்டிருத்தல்

அறிகுறிகள்

மாற்றி செந்நிறமாக ஒளிர்தல், இருக்கையின் அடியில் கடுஞ்சூடு, அழுகிய முட்டை நாற்றம், இழுவைத்திறன் குறைதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு ஒளிர்ந்தால், மாற்றியைக் கெடுக்கும் அளவுக்கு எரிதல் தவறுகிறது என்று பொருள்.

கண்டறியும் முறை

1. எஞ்சின் முழுவதும் ஆறியபின் தீப்பொறிச் செருகிகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் கரி படிந்திருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுதி எனக் கருதலாம். ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்த உருளையில் தீப்பொறி இல்லை எனலாம்.
2. தீப்பொறி நேரத்தை அதற்கான விளக்கைக் கொண்டு சரிபார்க்க வேண்டும்.
3. அகச்சிவப்பு வெப்பமானியால் மாற்றியின் நுழைவாயிலையும் வெளிவாயிலையும் அளக்க வேண்டும். வெளிவாயில் சற்றே சூடாக இருப்பது இயல்பு. வேறுபாடு மிக அதிகமாயின், எரியாத எரிபொருள் உள்ளே வருகிறது. இரு முனைகளுமே மிகவும் சூடாயின், தீப்பொறி நேரத்தை ஐயுறலாம்.
4. வெற்றிட மானியை எஞ்சினின் உள்ளிழு குழாயில் இணைத்து, நிமிடத்திற்கு 2500 சுற்றுகளில் எஞ்சினை நிறுத்திவைக்க வேண்டும். அளவு சீராக நில்லாமல் மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் வெளியேற்ற வழி அடைபட்டுள்ளது.
5. ஆறிய மாற்றியை மெதுவாகத் தட்டும்போது உள்ளே கலகலத்தால் பீங்கான் உடைந்திருக்கிறது.

எந்த உருளை பழுது என அறிய, செருகிக் கம்பியை நீண்ட நேரம் கழற்றி வைத்து எஞ்சினை ஓட்டுதல் கூடாது. அச்சோதனையே மாற்றியை மிகைவெப்பமாக்கிவிடும்.

பாதுகாப்பு

சூடான மாற்றி காய்ந்த புல்லையும் சருகையும் பற்றவைக்கக்கூடியது. அத்தகைய இடங்களில் வண்டியை நிறுத்துதல் கூடாது. ஒளிரும் மாற்றியின் மீது நீர் ஊற்றினால் பீங்கான் வெடிக்கக்கூடும். எஞ்சினை நிறுத்தி ஆறவிடுவதே முறை. கார்பன் மோனாக்சைடு நச்சு வளிமம் ஆதலால், எஞ்சினை ஓட்டிச் செய்யும் சோதனைகளைத் திறந்த வெளியிலேயே செய்ய வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* வினையூக்கி
* தீப்பொறிச் செருகி