தப்பிப் போகும் பெட்ரோல்

காருக்குள் ஆவியைப் பிடித்துவைக்க ஏற்பாடு இருக்கிறது. டேங்க் மூடியைத் திறக்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

சென்னையில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பும் கார், ஓசூரைத் தாண்டி பெங்களூரில் ஒரு பங்க்கில் நிற்கிறது. மூடியைத் திருகியதும் சில சமயம் 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு. பழுது ஒன்றுமில்லை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. வெயிலில் சூடேறிய டேங்க்கில் அடைபட்டிருந்த ஆவி, வழி கிடைத்ததும் வெளியே பாய்கிறது. மூக்கில் ஏறும் அந்த வாடை, வண்டிக்காரர் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்தான்.

ஆவியோடு காருக்கு இருக்கும் தகராறு பழையது. அம்பாசடர், பத்மினி காலத்தில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருந்தது. பின்னால் இருக்கும் டேங்க்கிலிருந்து பெட்ரோலை அது உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும். எஞ்சின் சூடும் சேர்ந்தால் பெட்ரோல் குழாயிலேயே கொதித்துக் குமிழியாகிவிடும். குமிழியைப் பம்ப்பால் தள்ள முடியாது. ஊட்டி, ஏற்காடு மலைப்பாதைகளில் பானெட்டைத் திறந்து, பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம். பெங்களூர் ஜே.சி. ரோடு, கலாசிபாளையம் பக்கத்துப் பழைய மெக்கானிக்குகளுக்கும் இந்த வைத்தியம் மறந்திருக்காது.

கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தபோது பம்ப் டேங்க்குக்குள்ளேயே குடிபெயர்ந்தது. மின்சாரத்தில் ஓடும் இந்தப் பம்ப் பெட்ரோலை இழுப்பதில்லை, தள்ளுகிறது. பெரும்பாலான கார்களில் 3 முதல் 4 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல மூன்று நான்கு மடங்கில், பெட்ரோல் வடிகட்டி வழியாக இன்ஜெக்டரை அடைகிறது. அத்தனை அழுத்தத்தில் அது லேசில் கொதிக்காது. பம்ப்பைக் குளிர்விப்பதும் சுற்றியிருக்கும் பெட்ரோலேதான். எப்போதும் 'ரிசர்வ்'வில் ஓட்டுபவர்களின் பம்ப் சீக்கிரம் தேய்வதற்கு இது ஒரு காரணம்.

டேங்க்கில் ஊறும் ஆவியை என்ன செய்வது? அதற்குத்தான் கேனிஸ்டர். செயல்பாட்டுக் கரி நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் டப்பா. இந்தக் கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் எண்ணிக்கையற்றவை. ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டரைத் தொடக்கூடும். கார் நிற்கும்போது ஆவி கரியில் ஒட்டிக்கொள்கிறது. கார் ஓடும்போது கம்ப்யூட்டர் ஒரு வால்வைத் திறக்க, எஞ்சின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடுகிறது. எதுவும் வீணில்லை. கலிஃபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலேயே இது கட்டாயமாகிவிட்டது.

சிக்கல் பங்க்கில் தொடங்குகிறது. டேங்க்கில் ஒரு லிட்டர் பெட்ரோல் இறங்கினால், அங்கிருந்த ஒரு லிட்டர் ஆவிக் காற்று வெளியேறியாக வேண்டும். தடுக்க எதுவும் இல்லாவிட்டால் லிட்டருக்கு சுமார் 1.3 கிராம் இப்படிப் போகிறது என்பது அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு. அற்பமாகத் தோன்றலாம். மாதம் ஒரு லட்சம் லிட்டர் விற்கும் பங்க்குக்குக் கணக்குப் போட்டால் 130 கிலோ. கிட்டத்தட்ட 170 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் பதினேழாயிரம் ரூபாய் காற்றில்.

பணத்தைவிடப் பெரிய கவலை பென்சீன். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதில் மருத்துவ உலகுக்குச் சந்தேகமில்லை. பாரத் ஸ்டேஜ் 6 பெட்ரோலில் 1 சதவீதம் வரை இருக்கலாம். வாடிக்கையாளர் இரண்டு நிமிடம் முகர்ந்துவிட்டுப் போகிறார். குழாயைப் பிடித்து நிற்பவருக்கு அது முழு ஷிஃப்ட். பெங்களூரில் வண்டிகளில் பெரும்பகுதி இரு சக்கரம். ஒவ்வொரு ஸ்கூட்டர் டேங்க்கையும் அவர் குனிந்து பார்த்துத்தான் நிரப்புகிறார்.

மருந்து இருக்கிறது: குழாய்க்குள் குழாய். ஒன்றில் பெட்ரோல் இறங்க, மற்றொன்று ஆவியை உறிஞ்சி நிலத்தடித் தொட்டிக்கே திருப்புகிறது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில், மாதம் 100 கிலோ லிட்டருக்கு மேல் பெட்ரோல் விற்கும் பங்க்குகளில் இதைப் பொருத்த மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் கெடு விதித்தது. பெங்களூர் இந்த வரையறைக்குள்தான் வருகிறது. தமிழ்நாட்டுப் பங்க்குகள் குறித்து சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாய அமர்வு பிறப்பித்த உத்தரவை எதிர்த்து இந்தியன் ஆயில் உச்ச நீதிமன்றம் சென்றது. 2023-ல் வேறு சில நிபந்தனைகளைத் தளர்த்திய நீதிமன்றம், ஆவி மீட்புக் கருவி விஷயத்தில் மட்டும் பிடியை விடவில்லை. ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதாது. ஸ்கூட்டர் டேங்க்கில் குழாயின் வாய் சரியாகப் பொருந்தாவிட்டால், அது உறிஞ்சுவது பெரும்பாலும் வெறும் காற்றை.

இதற்கிடையே பெட்ரோலே மாறிவிட்டது. 20 சதவீத எத்தனால் கலந்த இ-20 பெட்ரோலை 2023 பிப்ரவரி 6 அன்று பிரதமர் மோடி தொடங்கிவைத்ததும் பெங்களூரில்தான். எத்தனால் தனியாக இருந்தால் மெதுவாகவே ஆவியாகும். பெட்ரோலோடு சேர்ந்தால் குணம் மாறுகிறது: கலவையின் ஆவியழுத்தம் 10 சதவீதத்துக்குள் உச்சத்துக்குப் போய், 20-ல் சற்று இறங்கினாலும், கலக்காத பெட்ரோலைவிட அதிகமாகவே நிற்கிறது. சுத்திகரிப்பு ஆலைகள் அடிப்படைப் பெட்ரோலைத் திருத்தித்தான் இதைச் சமாளிக்க வேண்டும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களுக்கும் எத்தனால் ஆகாது.

அமெரிக்கா 1998 மாடல்களிலிருந்து வேறு வழியில் போனது. காரிலேயே பெரிய கேனிஸ்டர் வைத்து, நிரப்பும்போது வரும் ஆவியையும் அதற்குள் அனுப்பியது. இந்தியா பங்க்கை நம்பியிருக்கிறது. நம்மவர்களோ, குழாய் 'டக்' என்று தானாக நின்ற பிறகும் "ரவுண்டாப் போடுங்க" என்கிறார்கள். அந்தக் கூடுதல் அரை லிட்டர் ஆவிக்குழாய் வழியாக கேனிஸ்டருக்குள் இறங்கிக் கரியை நனைத்துவிடலாம். டேங்க் நிரப்பிய கையோடு கார் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால், மெக்கானிக் முதலில் பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று.