காலை 6 மணி முதல் பள்ளி மணி வரை: வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் தொடங்கலாம்

டெல்டாவில் நடவு சீசன் வந்துட்டா, அம்மாக்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் நாற்றைப் பறித்து நடவைத் தொடங்கியாக வேண்டும். குறுவை முடிந்தால் சம்பா, அடுத்து தாளடி என்று வேலை தொடரும். வயல் வேலை மட்டுமில்லை. தூய்மைப் பணியாளர்கள், காலை ஷிப்டுக்குப் போகும் செவிலியர்கள், முதல் பஸ்ஸைப் பிடித்து மார்க்கெட்டுக்குப் போகும் பூ வியாபாரிகள் எல்லோருக்கும் இதே அவசரம்தான்.

ஆனால் பள்ளியும் அங்கன்வாடியும் திறக்க 9 மணியை ஒட்டி ஆகிவிடும். நடுவில் இருக்கிற இரண்டு, மூன்று மணி நேரம் குழந்தையை யார் பார்ப்பது? பாட்டி இருக்கிற வீட்டில் பிரச்சினை இல்லை. இல்லாத வீட்டில் மூணாவது படிக்கிற அக்காவே தம்பிக்குக் காவல். இந்த இடைவெளியை நிரப்புவதே காலைநேரக் காப்பகம். உங்க வீட்டிலேயே, சின்ன அளவில் இதைத் தொடங்கலாம். எப்படி? வாங்க, பார்க்கலாம்.

உதவியா, தொழிலா?

‘பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்க காசு வாங்குறதா?’ என்ற தயக்கம் பலருக்கு உண்டு. நூறு நாள் வேலைக்காக 2005-இல் வந்த சட்டத்தை நினைத்துப் பாருங்கள். பணித்தளத்துக்கு 6 வயதுக்குட்பட்ட 5 குழந்தைகளோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து, அவருக்கும் கூலி தர வேண்டும் என்று அது சொன்னது. அதாவது, மண் வெட்டுவது போலவே குழந்தை பார்ப்பதும் கூலிக்குரிய வேலை. தயங்காமல் கட்டணம் சொல்லுங்கள். கட்டணம் வாங்கினால் பொறுப்பும் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எத்தனை பிள்ளைகள்?

வேலையிடக் காப்பகங்களுக்காக 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டு நெறிமுறைகளில், 3 வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் வேண்டும். நீங்கள் வீட்டில் தனி ஆளாகப் பார்க்கப் போகிறீர்கள். அதனால் 5 அல்லது 6 பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதிலும் கைக்குழந்தை ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

இன்னொரு விஷயம். ‘ப்ளே ஸ்கூல்’ என்று போர்டு மாட்டி, பாடம் நடத்தத் தொடங்கினால் பள்ளிக் கல்வித் துறையின் அங்கீகாரம் தேவைப்படும். நீங்கள் நடத்துவது காப்பகம் மட்டும்தான் என்பதைப் பெற்றோரிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

முதலில் வீட்டைப் பாருங்கள்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் இறந்ததை நம் மாவட்டம் மறக்காது. சமையலறை அடுப்பில் பிடித்த தீ, வகுப்பறைக்கு மேலிருந்த கீற்றுக்கூரைக்குப் பரவியது. அந்தத் துயரம் வீட்டுக் காப்பகத்துக்கும் மூன்று பாடங்களைச் சொல்கிறது. கீற்றுக் கொட்டகைக்குக் கீழே பிள்ளைகளை வைக்கக்கூடாது. அடுப்பும் கேஸ் சிலிண்டரும் இருக்கும் அறைக்குள் அவர்கள் நுழையக்கூடாது. வெளியேற இரண்டு வழிகள் இருக்க வேண்டும், இரண்டுமே உள்ளிருந்து சுலபமாகத் திறக்க வேண்டும்.

நம்ம ஊரில் தண்ணீரும் ஆபத்துதான். கொல்லைக்கதவைத் திறந்தால் வாய்க்கால், தெருமுனையில் குளம். அந்தக் கதவுக்குப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். கிணறு இருந்தால் கம்பி வலை மூடி அவசியம். நிறைந்த வாளி, அண்டாகூடத் தவழும் குழந்தைக்கு ஆபத்து. மழைக்காலத்தில் பாய், விறகு, செருப்பு இருக்கும் இடங்களைத் தினமும் உதறிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும். பாம்பும் தேளும் ஒதுங்குவது அங்கேதான்.

சமைக்கணுமா?

பெரும்பாலும் தேவைப்படாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகை மாவட்டம் திருக்குவளையில் வைத்து, மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, பாடம் தொடங்கும் முன்பே பள்ளியில் சூடான சாப்பாடு கிடைக்கிறது. ஆக, உங்கள் வேலை பாலோ பிஸ்கட்டோ கொடுத்து, குளிப்பாட்டி, தலை சீவி, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது. லேட்டானால் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடே போய்விடும்!

நீங்களே சமைத்துக் கொடுத்து அதற்கும் கட்டணம் வாங்குவதாக இருந்தால், உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள்.

செல்போனிலேயே முடியும் வேலைகள்

உத்யம் பதிவு: சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு இது. ஆதார், பான் எண், ஆதாரோடு இணைத்த செல்போன் இருந்தால் போதும். ஓ.டி.பி. வந்ததும் விவரங்களை நிரப்பலாம். கட்டணம் எதுவும் கிடையாது. காசு கேட்கும் போலி இணையதளங்கள் நிறைய உலவுவதால், முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காவல்துறை சரிபார்ப்பு: உதவிக்கு ஆள் வைத்தால், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் அவரைப் பற்றிய சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். காலையில் உங்க வீட்டில் இருக்கும் ஆண்கள் உட்பட எல்லோரையும் பெற்றோருக்கு அறிமுகப்படுத்துங்கள்.

கடன்: பாய், கேட், தண்ணீர் ஃபில்டர் வாங்க முத்ரா திட்டத்தின் ‘சிஷு’ பிரிவில் ரூ.50,000 வரை பிணையில்லாமல் கிடைக்கும். ஆனால் முதல் மாதமே கடன் தேவையில்லை. பிள்ளைகள் நிலையாக வரத் தொடங்கியதும் யோசிக்கலாம்.

உள்ளூர் அனுமதி ஏதாவது வேண்டுமா என்பதை உங்கள் ஊராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கையில் எவ்வளவு நிற்கும்?

ஒரு உதாரணக் கணக்கு. 6 பிள்ளைகள், ஆளுக்கு மாதம் ரூ.700 என்றால் ரூ.4,200. பால், பிஸ்கட், சோப்பு, செல்போன் என்று ரூ.1,200 போனால் மீதி ரூ.3,000. தினமும் இரண்டரை மணி நேரம், 24 நாள் என்றால் மொத்தம் 60 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய்தான் நிற்கிறது. இதை வைத்து மட்டும் குடும்பம் நடத்த முடியாது. வீட்டை விட்டு வெளியே போக முடியாதவருக்கு இது ஒரு துணை வருமானம். பள்ளி விட்ட பிறகு மாலையிலும் பார்த்துக்கொண்டால் வருமானம் கூடும். உங்க ஊர் கூலி நிலவரத்தை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மழை லீவு வந்தால்?

வடகிழக்குப் பருவமழையில் ‘இன்று பள்ளிகளுக்கு விடுமுறை’ என்ற ஆட்சியரின் அறிவிப்பு சில நாள் காலையில்தான் வரும். அதற்குள் அம்மா வேலைக்குக் கிளம்பியிருப்பார். அன்று பிள்ளை யாரிடம் இருக்கும், மதியச் சாப்பாட்டுக்கு என்ன வழி, கூடுதல் கட்டணம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே தாளில் இவையும் இருக்கட்டும்:

• பெற்றோர் இருவரின் எண்ணும், இன்னொரு உறவினர் எண்ணும்
• பிள்ளைக்கு ஒவ்வாத உணவு, சாப்பிடும் மருந்து
• பிள்ளையைக் கூட்டிப்போக யாருக்கெல்லாம் அனுமதி என்ற விவரம்

பெற்றோர் எழுதித் தராத எந்த மருந்தையும் கொடுக்க வேண்டாம். பள்ளியில் விட்டதும் வாட்ஸ்அப்பில் ‘விட்டாச்சு’ என்று ஒரு வரி போடுங்கள். வயலில் நிற்கிற அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி. பிள்ளையின் உடம்பிலோ நடத்தையிலோ சந்தேகப்படும்படி ஏதாவது தெரிந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால், புகார் செய்வது போக்சோ சட்டப்படி கட்டாயம். விபத்து என்றால் 108.

எடுத்ததும் ஆறு பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம். தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரோடு ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். உங்க வீடு தாங்குகிறதா, உங்க உடம்பு தாங்குகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். மூன்றாவது பிள்ளையைச் சேர்ப்பதா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம்.