கேலியைக் கேள்வி கேட்ட நகைச்சுவையாளர்



சிரிப்பு இரு வகைப்படும். பிறரோடு சேர்ந்து சிரிப்பது ஒன்று. பிறரைப் பார்த்துச் சிரிப்பது மற்றொன்று. முன்னது உள்ளங்களை இணைக்கும். பின்னது உள்ளங்களைப் புண்படுத்தும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள எல்லைக்கோட்டைத் தம் தொழிலாலேயே வரைந்து காட்டிய நகைச்சுவையாளர் ஒருவரைப் பற்றி இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம். அவர் முஸ்லிம் அல்லர். ஆயினும், அவர் இளமையில் மேற்கொண்ட பணிகளுள் ஒன்று முஸ்லிம்களுக்கு நேர்ந்த துன்பத்தைத் துடைப்பதாகவே இருந்தது.

ஹரி கொண்டபோலு என்பது அவர் பெயர். ஆந்திரத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோருக்கு 1982-இல் பிறந்து, நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வளர்ந்தவர். 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் அந்நகரில் நிகழ்ந்த கொடுந்தாக்குதலுக்குப் பிறகு, எப்பாவமும் அறியாத முஸ்லிம் குடும்பங்கள் அமெரிக்கா எங்கணும் ஐயக்கண் கொண்டு நோக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வெறுப்பு எவ்வளவு குருடாயிருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். தாடியும் தலைப்பாகையும் கண்டு முஸ்லிம் என்று கருதி, அரிசோனா மாநிலத்தில் சீக்கியர் ஒருவர் நான்கே நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த இருண்ட வேளையில், சியாட்டில் நகரில் ஒரு பெண்மணி துணிந்து எழுந்தார். சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வாழும் பிரமிளா ஜெயபால்தான் அவர். ‘வெறுப்பில்லா வட்டாரம்’ என்று பொருள்படும் ‘ஹேட் ப்ரீ ஜோன்’ எனும் அமைப்பை 2001-இலேயே அவர் நிறுவினார். முஸ்லிம்கள், அரபியர், தெற்காசியர் ஆகியோருக்கு அரணாக நின்ற அவ்வமைப்பு, நாடு கடத்தப்படவிருந்த சோமாலிய மக்கள் ஆயிரக்கணக்கானோருக்காக நீதிமன்றத்தில் வழக்காடித் தடையாணையும் பெற்றது. (ஜெயபால் 2016-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த அவைக்குள் நுழைந்த முதல் இந்திய வம்சாவளிப் பெண்மணி அவரே.)

கல்லூரிப் படிப்பை முடித்த கொண்டபோலு பணியாற்றச் சென்றது இவ்வமைப்பில்தான். பகற்பொழுதில் குடியேறிய மக்களின் உரிமைகளுக்காக உழைத்தார். இரவில் மேடையேறி நகைச்சுவை நிகழ்த்தினார். பின்னர் லண்டன் பொருளியல் கல்லூரியில் மனித உரிமைத் துறையில் முதுகலைப் பட்டமும் பெற்றார். சிரிக்க வைக்கும் கலையும் சீர்திருத்தும் ஆர்வமும் அவரிடம் இவ்வாறு ஒருங்கே வளர்ந்தன.

வாசகர்களே! அவர் நடத்திய ஒலிப்பேட்டி நிகழ்ச்சியைப் பற்றி இனிக் காண்போம். பாட்காஸ்ட் என்று வழங்கப்படும் இவ்வகை நிகழ்ச்சியை வானொலியைப் போன்று குறித்த நேரத்தில் கேட்க வேண்டுவதில்லை. விரும்பிய வேளையில் கைபேசியிலேயே கேட்கலாம். முஸ்லிம்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதையே தடை செய்ய வேண்டும் என்று அதிபர் தேர்தலில் போட்டியிட்ட டொனால்ட் டிரம்ப் 2015 டிசம்பரில் முழங்கியிருந்தார். அந்தப் பரபரப்பு அடங்காத 2016-ஆம் ஆண்டில், கொண்டபோலுவும் அவருடைய நண்பரும் கறுப்பினத்து நகைச்சுவையாளருமான கமாவ் பெல்லும் சேர்ந்து ‘பொலிடிகலி ரி-ஆக்டிவ்’ என்ற பேட்டித் தொடரைத் தொடங்கினார்கள். சமூகப் போராளிகளையும் எழுத்தாளர்களையும் அரசியல் அறிந்தோரையும் அழைத்து உரையாடினார்கள்.

நகைச்சுவையாளருக்குப் பேட்டி எதற்கு என்று நீங்கள் வினவக்கூடும். மேடையில் அவர் ஒருவரே பேசுகிறார், ஏனையோர் கேட்கிறார்கள். பேட்டியிலோ அவர் வாய் மூடிச் செவி திறக்க வேண்டியவராகிறார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று கூறி, பாமரரும் கேட்க நினைக்கும் எளிய வினாவைத் தொடுக்கிறார். இடையே எழும் சிரிப்பு, கேட்பவரைக் களைப்படையாமல் அமர வைக்கிறது. சொற்பொழிவு என்றால் விலகி ஓடுகிற செவிகளும் இங்கே நின்று கேட்கின்றன. சமூக மாற்றத்துக்கு நகைச்சுவை ஆற்றக்கூடிய தொண்டு இதுவேயாகும்.

ஆனால், கேட்கப்பட வேண்டிய மனிதர் பேட்டிக்கு வர மறுத்தால் என்ன செய்வது? கொண்டபோலுவின் வாழ்வில் அப்படியும் ஒன்று நேர்ந்தது.

‘தி சிம்ப்சன்ஸ்’ என்பது 1989 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி வரும் புகழ்பெற்ற கேலிச்சித்திரத் தொடர். அதில் 1990-இல் அப்பு என்றொரு இந்தியக் கடைக்காரர் அறிமுகமானார். அப்பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசேரியா என்னும் வெள்ளை நடிகர். இந்தியர் பேசும் ஆங்கிலத்தைப் பகடி செய்வதுபோல் அவர் இழுத்துப் பேச, நாடே சிரித்தது. தெற்காசியக் குழந்தைகளோ பள்ளிக்கூடத்தில் தலைகுனிந்தார்கள். உடன் பயிலும் மாணவர்கள் அவர்களை அப்பு என்றே அழைத்துக் கேலி செய்தார்கள். இத்தனைக்கும் கொண்டபோலு அத்தொடரை விரும்பிப் பார்த்து வளர்ந்தவர். தம் நகைச்சுவைக்கு அது வழிகாட்டியது என்றும் கூறியவர். விரும்பியதிலேயே குறை காணும் நேர்மை அவரிடம் இருந்தது.

2012-இல் கமாவ் பெல்லின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் முதன்முதலாக இதைச் சாடினார். 2017-இல் ‘அப்புவினால் வந்த சிக்கல்’ என்று பொருள்படும் பெயரில் ஓர் ஆவணப்படத்தையே உருவாக்கினார். ஹசன் மின்ஹாஜ், ஆசிப் மாண்ட்வி முதலான தெற்காசியக் கலைஞர்கள் தங்கள் அனுபவங்களை அதில் எடுத்துரைத்தார்கள். ஆனால், அசேரியா மட்டும் பேட்டிக்கு இசையவில்லை. அவரைத் தேடும் முயற்சியே படத்தின் கதையாக அமைந்தது.

இதன் பின்னர் கொண்டபோலு மீது வசைமாரி பொழிந்தது. “வெறும் சித்திரப் படந்தானே! நகைச்சுவையாளருக்கே நகைச்சுவை உணர்வு இல்லையா?” என்று ஏளனம் செய்தார்கள். கொலை மிரட்டல்களும் வந்தன. 2018 ஏப்ரலில் அத்தொடரே ஒரு காட்சியின் வாயிலாக அவருடைய குற்றச்சாட்டைத் தட்டிக் கழித்தது. அப்பாத்திரத்தை அழித்துவிடுங்கள் என்று அவர் கேட்கவில்லை என்பதை இங்கே கருத வேண்டும். கேலிக்குரியவராக வரைந்த மனிதரை மதிப்புக்குரியவராக வரையுங்கள் என்பதே அவர் வேண்டுகோள்.

திருக்குர்ஆனின் 49-ஆம் அத்தியாயமாகிய ‘அல் ஹுஜுராத்’, பிறரைப் பரிகசிப்பதைத் தடுப்பதோடு நின்றுவிடவில்லை. இழிவான பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் பெயர் குறித்தே விலக்கியிருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். பட்டப்பெயர் என்பது நாவினால் ஒட்டப்படும் முத்திரை. ஒட்டியவர் மறந்துவிடுவார், சுமப்பவர் மறப்பதில்லை. அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு தலைமுறையே சுமந்தது அத்தகைய முத்திரையைத்தான்.

விடாது கேட்ட கேள்வி, மெல்ல மெல்ல உள்ளத்தைத் தொட்டது. தெற்காசிய எழுத்தாளர்களுக்கு அத்தொடரில் இடமளிக்க வேண்டும், தாம் விலகிக்கொள்ளவும் ஆயத்தம் என்று 2018-இல் அசேரியா கூறினார். 2020 ஜனவரியில், இனி அப்புவுக்குக் குரல் கொடுப்பதில்லை என்று அறிவித்தார். 2021 ஏப்ரலில், நகைச்சுவை நடிகர் டாக்ஸ் ஷெப்பர்டு நடத்தும் ஒலிப்பேட்டியில், எதிரே அமர்ந்திருந்த இந்திய வம்சாவளி நிகழ்ச்சியாளர் மோனிகா பாட்மனிடம் மன்னிப்புக் கோரினார். தம் மகன் படிக்கும் பள்ளிக்குச் சென்று இந்திய மாணவர்களிடம் கருத்துக் கேட்டதையும் அப்போது விவரித்தார். அவர்களுள் 17 வயது மாணவர் ஒருவர் அத்தொடரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆயினும், அப்பு என்ற சொல் ஒரு வசைச்சொல் என்பதை மட்டும் அறிந்திருந்தார்! தம் குரல் எங்கே சென்று எவரைத் தைத்தது என்பதை அம்மாணவரின் வாய்மொழி அந்த நடிகருக்கு உணர்த்தியது.

2023-இல் அமெரிக்கப் பொது வானொலியின் ‘கோட் ஸ்விட்ச்’ நிகழ்ச்சியில் கொண்டபோலுவும் அசேரியாவும் சேர்ந்து உரையாடினார்கள். 2017-இல் மறுக்கப்பட்ட பேட்டி ஆறு ஆண்டுகள் கழித்துக் கைகூடியது. முதல் கேள்வி எழுந்த 2012-இலிருந்து எண்ணினால் பதினோர் ஆண்டுகள்!

இதனால் எல்லாம் மாறிவிட்டது என்று கூறுவதற்கில்லை. டிரம்ப் அதிபரானதும், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாடுகளின் மக்கள் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை விதிக்கும் ஆணை 2017 ஜனவரியிலேயே பிறந்தது. ஒலிப்பேட்டி எதுவும் அதைத் தடுத்துவிடவில்லை. சட்டத்தை எதிர்க்க வழக்காடுவோரும் வாக்களிப்போரும் வேண்டும். ஆனால், அயலாரை மனிதராகக் காணும் கண் இல்லாத இடத்தில் வழக்கும் வாக்கும் தனித்து நின்று தளர்ந்துபோகும். அந்தக் கண்ணைத் திறப்பதுதான் கேள்வியும் சிரிப்பும் கலந்த உரையாடலின் பணி.

வாசகப் பெருமக்களே! உங்கள் பிள்ளை ஒருநாள் பள்ளியிலிருந்து வாடிய முகத்தோடு திரும்பி, தன்னை இன்ன பெயர் சொல்லிச் சிரித்தார்கள் என்று கூறினால், “விளையாட்டுக்குத்தானே சொன்னார்கள்” என்று தள்ளிவிடாதீர்கள். அமர வைத்துக் கேளுங்கள். அதே பிள்ளை வேறொரு பிள்ளைக்குப் பெயர் சூட்டி வந்து சிரித்தால், அப்போதும் அமர வைத்துக் கேளுங்கள். முதற் கேள்வியைவிட இரண்டாவது கேள்வி கடினமானது. ஆயினும், நீதி நிலைபெறுவது அந்த இரண்டாவது கேள்வியில்தான்.