முப்பாட்டன் சொன்ன பெயர் பொய்யானால்?

1965-ஆம் ஆண்டு, அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெருவாக் பாரிசுக்குப் போய் அங்குள்ள தேசிய நூலகத்தில் தன் மூதாதையரைத் தேடினார். அவர் பிறந்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவல் நகரில். பெற்றோர் கனடாவின் கியூபெக் மாநிலத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். வீட்டில் பிரெஞ்சுதான் பேசுவார்கள். பள்ளிக்குப் போன பிறகுதான் அவர் ஆங்கிலம் கற்றார். தன் முன்னோர் பிரான்சின் பிரிட்டனி பகுதியைச் சேர்ந்த பிரபுக்கள் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர் அவர். பாரிசில் எதுவும் கிடைக்கவில்லை. அங்கிருந்து பிரிட்டனிக்கே போய்ப் பார்த்தும் வெறுங்கையோடுதான் திரும்பினார். அந்தப் பயணத்தைப் பற்றி அடுத்த ஆண்டு ஒரு சிறு நூல் எழுதினார். 1969-இல் இறந்துபோனார்.

இதில் வியப்பு என்னவென்றால், உலகிலேயே வம்சாவளியை எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய மக்களில் பிரெஞ்சுக் கனடியர்களும் அடங்குவர். அப்படியிருக்க கெருவாக்குக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

கியூபெக் நகரம் 1608-இல் நிறுவப்பட்டது. அங்கே குடியேறியவர்கள் ஏறக்குறைய அனைவரும் கத்தோலிக்கர்கள். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் என ஒவ்வொன்றையும் பங்குப் பாதிரியார் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். 1640-இல் கியூபெக்கின் தேவாலயம் தீப்பிடித்தபோது அதுவரை எழுதிய பதிவேடுகளும் எரிந்துபோயின. மக்களின் நினைவில் இருந்ததைக் கேட்டுக் கேட்டு மீண்டும் எழுதினார்கள். பிற்பாடு, தேவாலயத்தில் ஒன்று, நீதிமன்றத்தில் ஒன்று என இரண்டு பிரதிகள் வைக்கும் வழக்கம் வந்தது. ஒன்று போனாலும் இன்னொன்று மிஞ்சும். பிரான்சின் அரசர் கட்டளைப்படி வந்த வழக்கம் அது. இங்கிலாந்து கனடாவைக் கைப்பற்றிய பிறகும் தொடர்ந்து, 1993 வரை நீடித்தது.

தேடுபவர்கள் முதலில் பார்ப்பது திருமணப் பதிவைத்தான். மணமகன், மணமகள் இருவரின் பெற்றோர் பெயர்களும் ஊரும் அதில் இருக்கும். அந்தப் பெற்றோரின் திருமணத்தைத் தேடினால் அவர்களுடைய பெற்றோர் கிடைப்பார்கள். இப்படிப் படிப்படியாகப் பின்னோக்கிப் போனால், பத்துப் பன்னிரண்டு தலைமுறைகளில் கப்பலேறி வந்தவரிடமே போய்ச் சேரலாம். பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பதிவேட்டில் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பதால் அம்மா வழியும் அறுந்துபோவதில்லை. ஒரே ஒரு இடத்தில் ஏமாறலாம். விதவை மறுமணம் செய்தால், பெற்றோருக்குப் பதில் இறந்த கணவரின் பெயரை மட்டும் எழுதியிருப்பார்கள். அப்போது அவருடைய முதல் திருமணத்தைத் தேடிப் போக வேண்டும்.

குடியேறியவர்கள் எண்ணிக்கையும் குறைவு. 1663 முதல் 1673 வரை பிரெஞ்சு மன்னர் 14-ஆம் லூயி தம் செலவில் அனுப்பிவைத்த இளம்பெண்கள் சுமார் 800 பேர். ‘மன்னரின் மகள்கள்’ என்று அவர்களை இன்றும் அழைக்கிறார்கள். இன்னொருவர் சகாரி குளூத்தியே என்ற தச்சர்; 1634-இல் வந்தவர். கையெழுத்துப் போடத் தெரியாததால் ஆவணங்களில் சிறிய கோடரி ஒன்றை வரைந்து வைப்பார். மொன்ட்ரியால் பல்கலைக்கழக மக்கள்தொகை ஆய்வாளர்களின் கணக்குப்படி, 1800-க்குள் அவருக்கு 10,850 சந்ததியினர் இருந்தார்கள். பாடகிகள் செலின் டியோன், மடோனா இருவருமே அவர் வழி வந்தவர்கள். கியூபெக்கில் யாரிடம் பேசினாலும் எங்கோ ஒரு கிளையில் உறவு வந்துவிடும் போலிருக்கிறது!

தலைவலி தருவது பெயர்கள்தான். அப்பா பெயரின் முதலெழுத்தோடு வாழும் நமக்கு இது புதிதாக இருக்கும். 1665-இல் வந்த காரிஞ்ஞான் படையில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒருவன் லஃப்ளேர், அதாவது பூ. இன்னொருவன் சான்சூசி, கவலையில்லாதவன். போர் முடிந்து நிலம் வாங்கித் தங்கியபோது பட்டப்பெயரும் குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. உதோன் என்ற குடும்பம் ‘உதோன் என்கிற போலியே’ ஆகும். பேரப்பிள்ளைகளில் ஒருவன் உதோன் என்பான், மற்றவன் போலியே என்பான். 19-ஆம் நூற்றாண்டில் லட்சக்கணக்கானோர் அமெரிக்க நெசவாலைகளுக்கு வேலைக்குப் போனபோது இன்னொரு குழப்பம் சேர்ந்தது. ருவா ‘கிங்’ ஆனார், லெப்ளான் ‘வைட்’ ஆனார். பேரன்களுக்குத் தாத்தாவின் ஊரே தெரியாமல் போனது.

கெருவாக்கின் சிக்கல் இதையும் தாண்டியது. அவருடைய மூதாதையர் 1732-இல் காப்-சான்-இஞ்ஞாஸ் ஊரில் மணமுடித்தார். பதிவேடு பத்திரமாகவே இருக்கிறது. அதில் உள்ள பெயர்தான் உண்மையில்லை. அவர் பிரபு அல்லர். பிரிட்டனியில் உவெல்குவாத் என்ற சிற்றூரின் நொத்தாரிசு ஒருவரின் மகன். லெ பீஆன் என்பது அவருடைய குடும்பப் பெயர். கெருவாக் இறந்து சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். பாதிரியார் நேர்மையாகத்தான் எழுதினார். மாப்பிள்ளை சொன்னதை எழுதினார்.

இந்தத் தேடல் வெறும் பொழுதுபோக்கும் அல்ல. கியூபெக்கின் சாகெனே பகுதியில் சில குடும்பங்களே பெருகிப் பரவியதால், கல்லீரலைத் தாக்கும் டைரோசினீமியா என்ற பரம்பரை நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள் அங்கே சுமார் 20 பேரில் ஒருவர். பிறந்த குழந்தைக்கு உடனே கண்டறிந்தால் சிகிச்சை உண்டு. பழைய பதிவேடுகளைக் கணினியில் இணைத்த ஆய்வாளர்கள் அந்த நோய் எந்தக் குடும்பங்கள் வழியாக வந்திருக்கக்கூடும் என்று பின்னோக்கித் தேட முடிந்தது. அங்கு பிள்ளை பெற நினைப்பவர்களுக்கு அரசாங்கமே மரபணுப் பரிசோதனைக்கு வசதி செய்திருக்கிறது.

இத்தனை முழுமையான பதிவேடுகளிலும் பாதியில் நின்றுபோகும் வரிகள் உண்டு. பிரெஞ்சுக் கனடாவில் அடிமைகள் இருந்தார்கள் என்பதே எனக்கு இதைப் படிக்கும்வரை தெரியாது. வரலாற்றாசிரியர் மார்செல் திருடெல் பதிவேடுகளைப் புரட்டி சுமார் 4,200 பேரை எண்ணினார். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பூர்வகுடியினர், மற்றவர்கள் கறுப்பினத்தவர். அவர்களுக்கும் திருமுழுக்கு நடந்தது, பாதிரியார் அதையும் எழுதினார். ஆனால் பெற்றோர் பெயர் வர வேண்டிய இடத்தில் பெரும்பாலும் முதலாளியின் பெயர்தான் இருக்கும். தச்சரின் வம்சத்தைப் பன்னிரண்டு தலைமுறை பின்னே போய்ப் பார்க்கலாம். இவர்களுக்கு ஒரு தலைமுறைகூட முடியாது.

1734-இல் மொன்ட்ரியாலில் ஒரு பெரிய தீ மருத்துவமனையையும் நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகளையும் எரித்தது. மரி-ஜோசெஃப் அஞ்செலிக் என்ற அடிமைப் பெண்தான் தீ வைத்தாள் என்று சொல்லித் தூக்கிலிட்டார்கள். அவள் வைத்தாளா என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. விசாரணையில் நீதிபதி வழக்கம்போல் வயதையும் ஊரையும் கேட்டார். 29 வயது, போர்ச்சுகலில் பிறந்தேன், அங்கிருந்து விற்கப்பட்டேன் என்றாள். நீதிமன்ற எழுத்தர் அதை எழுதிக்கொண்டார்.