இலவசப் பல்கலைக்கழகப் பாடங்கள்: பார்த்துவிட்டுப் போவதா, எடுத்து வைத்துக் கொள்வதா?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. முதல் இரண்டு மாதம் இமெயில், ரயில் டிக்கெட், பழைய சினிமாப் பாட்டு என்று பொழுது போய்விடும். அதற்குப் பிறகு, "இதை வைத்துக் கொண்டு வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் முதல் பதில், ஒரு பல்கலைக்கழகத்தில் போய் உட்காருங்கள் என்பதுதான். நுழைவுத் தேர்வு கிடையாது, கட்டணம் கிடையாது, வயது வரம்பும் கிடையாது.

ஆனால் "இலவசம்" என்ற சொல்லில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, அவர்கள் காட்டும் வரை நாம் பார்க்கலாம். மற்றொன்று, நாம் எடுத்து நம் கம்ப்யூட்டரிலேயே வைத்துக் கொள்ளலாம். இரண்டும் முதல் நாள் ஒன்று போலவே தெரியும். வேறுபாடு சில மாதங்கள் கழித்துத்தான் தெரிய வரும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதை முன்பே தெரிந்து கொள்வது நல்லது.

விற்க நினைத்தவர்களும் கொடுத்தவர்களும்

2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் இன்டர்நெட்டில் பாடங்களை விற்றுப் பணம் பண்ணலாம் என்று நினைத்தன. கொலம்பியா பல்கலைக்கழகம் "ஃபேத்தம்" என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. ஆக்ஸ்போர்டு, ஸ்டான்போர்டு, யேல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து "ஆல்லேர்ன்" என்ற அமைப்பை நடத்தின. முதலாவது 2003-லும் இரண்டாவது 2006-லும் மூடப்பட்டன.

அதே காலத்தில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள எம்.ஐ.டி.யும் இதே கேள்வியை ஆராய ஒரு குழு அமைத்தது. (இது நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.) இதில் லாபம் வராது, ஆகவே பாடங்களை எல்லோருக்கும் சும்மாவே கொடுத்துவிடலாம் என்று அந்தக் குழு சொன்னது. 2001 ஏப்ரலில் எம்.ஐ.டி.யின் அப்போதைய தலைவர் சார்லஸ் வெஸ்ட் இதை அறிவித்தார். 2002-ல் 50 பாடங்களோடு சோதனை முறையில் தளம் திறக்கப்பட்டது. அதன் பெயர் "ஓப்பன் கோர்ஸ்வேர்". இன்று அதில் 2,500-க்கும் மேற்பட்ட பாடங்கள் உள்ளன. விற்க வந்தவை மறைந்துவிட்டன, கொடுத்தது நிற்கிறது.

உரிமம் என்ற சிறிய எழுத்து

ஓப்பன் கோர்ஸ்வேர் பக்கத்தின் அடிப்பகுதியில் வட்டத்துக்குள் இரண்டு "சி" எழுத்துகள் கொண்ட ஒரு சின்னம் இருக்கும். அதன் பெயர் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். எம்.ஐ.டி. கொடுத்துள்ள உரிமத்தின்படி பாடங்களை நீங்கள் டவுன்லோட் செய்யலாம், பிரதி எடுக்கலாம், நண்பருக்கு பென் டிரைவில் கொடுக்கலாம், தமிழில் மொழிபெயர்க்கவும் செய்யலாம். நிபந்தனைகள் மூன்று. யாருடைய பாடம் என்று பெயர் குறிப்பிட வேண்டும். வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது. மாற்றி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.

இந்தச் சிறிய எழுத்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகத் தன் வகுப்புகளைப் பதிவு செய்து எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தது. அவற்றில் பலவற்றுக்கு வசன வரிகள் இல்லாததால் காது கேளாதவர்களுக்குப் பயன்படவில்லை என்று புகார் எழுந்தது. அமெரிக்க நீதித் துறையும் 2016-ல் இதைக் குறையாகச் சுட்டியது. எல்லாவற்றுக்கும் வசன வரி சேர்க்க ஆகும் செலவைப் பார்த்த பல்கலைக்கழகம், 2017 மார்ச்சில் 20,000-க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி எடுத்துவிட்டது.

காது கேளாதவர்களின் கோரிக்கை நியாயமானது. ஆனால் பாதி வகுப்பில் இருந்தவர்கள் என்ன ஆவார்கள்? இங்கேதான் உரிமம் கை கொடுத்தது. அந்தப் பதிவுகளுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருந்ததால், வெளியாட்கள் அவற்றைப் பிரதி எடுத்து வேறு இடத்தில் வைத்தார்கள்.

உரிமம் இல்லாத இடத்தில் இப்படிச் செய்ய வழியில்லை. "கோர்செரா" நிறுவனத்தை 2012-ல் ஸ்டான்போர்டு பேராசிரியர்கள் ஆண்ட்ரூ இங், டாப்னி கோலர் இருவரும் தொடங்கினார்கள். 2016 ஜூன் 30-ஆம் தேதி அந்த நிறுவனம் தன் பழைய தளத்தை மூடியது. அதில் மட்டுமே இருந்த பாடங்களும் அத்தோடு போயின. எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் 2012-ல் லாப நோக்கமின்றித் தொடங்கிய "எட்எக்ஸ்" 2021-ல் 80 கோடி டாலருக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வாங்கிய நிறுவனம் 2024-ல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. இந்தத் தளங்களில் நல்ல பாடங்கள் ஏராளம் உண்டு, தாராளமாகப் படியுங்கள். ஆனால் எது இலவசம், எதற்குப் பணம் என்பதை அங்கே அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றவும் செய்வார்கள்.

கம்ப்யூட்டரில் எடுத்து வைப்பது எப்படி?

பிரவுசரைத் திறந்து "எம்.ஐ.டி. ஓப்பன் கோர்ஸ்வேர்" என்று தேடுங்கள். தளத்தில் உள்ள தேடல் பெட்டியில் பாடத்தின் பெயரை டைப் செய்து, கிடைக்கும் பட்டியலில் ஒன்றைக் கிளிக் செய்யுங்கள். பாடத்தின் பக்கத்தில் "டவுன்லோட் கோர்ஸ்" என்ற பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் பாடக் குறிப்புகள், கணக்குகள், தேர்வுத் தாள்கள் எல்லாம் ஒரே ஸிப் பைலாகக் கிடைக்கும். அந்தப் பைலின் மீது ரைட் கிளிக் செய்து "எக்ஸ்ட்ராக்ட் ஆல்" கொடுத்தால் ஒரு போல்டர் உருவாகும். அதில் "இண்டெக்ஸ்" என்ற பைலை டபுள் கிளிக் செய்யுங்கள். இன்டர்நெட் இணைப்பு இல்லாமலேயே பாடத்தின் பக்கங்கள் பிரவுசரில் திறக்கும்.

வீடியோக்கள் இந்த ஸிப் பைலில் இருக்காது. அளவில் பெரியவை என்பதால் அவற்றைத் தனியாக டவுன்லோட் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்காதீர்கள். முதல் மூன்று வகுப்புகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் மீதியை எடுக்கலாம்.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். வகுப்பு வீடியோ இருக்கிறதா? கணக்குகளும் பயிற்சிகளும் இருக்கின்றனவா? அவற்றுக்கு விடைகள் இருக்கின்றனவா? மூன்றும் இருந்தால் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமலேயே படிக்கலாம். சில பாடங்களில் படிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல் மட்டுமே இருக்கும். அது வீட்டில் இருந்து படிப்பவருக்குப் போதாது. பாடத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை என்னென்ன என்றும் ஒரு பகுதி இருக்கும். அதையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

எந்தப் பாடத்தில் தொடங்கலாம்?

எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தபால்துறை ஊழியர் ஒருவர் இருக்கிறார். மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் என்ன படிக்கலாம் என்று என்னிடம் கேட்டார். "சர்டிபிகேட் தரும் படிப்பு பார்க்கட்டுமா, சார்?" என்றேன். "அதை வச்சுக்கிட்டு நான் எந்த ஆபீசுக்குப் போகப் போறேன், தம்பி? கருந்துளை கருந்துளைன்னு பேப்பர்ல போடறாங்களே, அது என்னன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

அவருக்கு யேல் பல்கலைக்கழகத்தின் வானியற்பியல் பாடத்தைக் காட்டினேன். "ஓப்பன் யேல் கோர்சஸ்" தளத்தில் உள்ளது. பேராசிரியர் சார்லஸ் பெய்லின், அறிவியலைப் பாடமாக எடுக்காத மாணவர்களுக்காகவே நடத்திய 24 வகுப்புகள். சூரிய மண்டலத்துக்கு வெளியே உள்ள கோள்கள், கருந்துளைகள், விரியும் பிரபஞ்சம் என்று மூன்றே தலைப்புகள். பள்ளிக்கூட அல்ஜீப்ரா தெரிந்தால் போதும். இன்னொரு வசதி, பேராசிரியர் பேசியது முழுவதும் எழுத்து வடிவிலும் இருக்கிறது. அமெரிக்க உச்சரிப்பு காதில் விழாவிட்டால் படித்துக் கொள்ளலாம். நம் சார் முதலில் படித்துவிட்டு, பிறகு வீடியோவைப் பார்க்கிறார். ஆங்கிலம் தயக்கமாக இருப்பவர்களுக்கு இது நல்ல வழி.

கணக்கில் ஆர்வம் உள்ளவர்களுக்கு எம்.ஐ.டி. பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் லீனியர் அல்ஜீப்ராவைச் சொல்வேன். 1999-ல் கரும்பலகை முன் நின்று நடத்திய வகுப்புகள் இவை. 2023-ல் அவர் ஓய்வு பெற்றுவிட்டார், வகுப்புகள் அப்படியே இருக்கின்றன. பொறியியல் கல்லூரியில் நாங்கள் மேட்ரிக்ஸ் கணக்கைப் பரீட்சைக்காகப் போட்டோம். அதற்குள் ஒரு படம் இருக்கிறது, கோடுகளும் தளங்களும் வெட்டிக் கொள்ளும் படம் அது என்பதை இவர் முதல் வகுப்பிலேயே காட்டிவிடுகிறார். புரோகிராமிங் பார்க்க விரும்புபவர்கள் எம்.ஐ.டி.யின் பைத்தான் அறிமுகப் பாடத்தைப் பார்க்கலாம். முன் அனுபவம் தேவையில்லை.

நம் நாட்டில் என்.பி.டி.இ.எல். இருக்கிறது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம் இது. சென்னை ஐ.ஐ.டி. இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. பெரும்பாலும் பொறியியல், அறிவியல் பாடங்கள். பொருளாதாரம், தத்துவம் போன்றவையும் உண்டு. பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. ஜனவரி, ஜூலை பருவங்களில் 4, 8, 12 வாரப் பாடங்கள் நடக்கின்றன. படிப்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டும் என்பவர்கள் மட்டும் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சான்றிதழ் பயன்படலாம். ஆர்வத்துக்காகப் படிப்பவர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

முடிப்பவர்கள் எத்தனை பேர்?

எட்எக்ஸ் தொடங்கிய 2012-ல் அதன் முதல் பாடம் மின்சுற்றுகள் பற்றியது. பதிவு செய்தவர்கள் சுமார் 1,55,000 பேர். தேர்ச்சி பெற்றவர்கள் சுமார் 7,000 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை.

இதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். பதிவு செய்ய ஒரு கிளிக் போதும், எட்டிப் பார்க்க வந்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். நான்கு வகுப்பு பார்த்து, தெரிய வேண்டியது தெரிந்ததும் நிறுத்தினால் அதில் குற்றமில்லை. ஆனால் முழுதாகப் படிக்க வேண்டும் என்று தொடங்குபவர்களுக்கு மூன்று யோசனைகள் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு சமயத்தில் ஒரு பாடம் மட்டும். போல்டரில் பத்துப் பாடங்கள் இருக்கலாம், மேஜையில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வாரத்தில் இரண்டு நாள், நேரம் குறித்து உட்காருங்கள். ஒரு வகுப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடைப் பைலைத் திறக்காமல் அரை மணி நேரமாவது முயலுங்கள். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிவது போலத்தான் இருக்கும். புரிந்ததா என்பது கணக்கைத் தொட்டால்தான் தெரியும். கேட்பதற்கு ஆசிரியர் இல்லாத இடத்தில் உங்களுக்கு உண்மை சொல்லக் கூடியது அந்தக் கணக்குத் தாள் ஒன்றுதான்.

இந்த வாரக் கடைசியில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் "பாடங்கள்" என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். அதில் ஒரே ஒரு பாடத்தை உரிமம் பார்த்து டவுன்லோட் செய்து வையுங்கள். பிறகு பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். நாளை எந்தத் தளம் மூடப்பட்டாலும், யார் கட்டணம் கேட்டாலும், உங்கள் வகுப்பு நிற்காது.