பின்பக்கத்தை உயர்த்தினால் பளு தாங்குமா?

கட்டிப்பால் மூட்டைகளை ஏற்றியதும் பிக்கப் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிடுகிறது. அதனை உயர்த்திவிட்டால் பளு தாங்கும் என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். இவ்வெண்ணம் சரிதானா என்று பார்ப்போம்.

பெரும்பாலான பிக்கப் வண்டிகளின் பின்பக்கம் அடுக்கிய ஸ்பிரிங் தகடுகளின்மீது நிற்கிறது. தகடுகளுக்கும் அச்சுக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்தால் வண்டி உயரும். பளு தாங்கும் வலிமையோ சிறிதும் கூடாது.

மேலும், பல வண்டிகளில் பின் பிரேக்கின் விசையைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்று உண்டு. அடிச்சட்டத்திற்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டே அது பளுவை அறிகிறது. இடைவெளி கூடிவிட்டால், மூட்டைகள் நிறைந்திருந்தும் பளு குறைவெனக் கொண்டு விசையைக் குறைத்துவிடும். மெனோரா சுரங்கப்பாதையிலிருந்து ஜெலாப்பாங் நோக்கி இறங்கும் சரிவை அறிந்தோர்க்கு இதன் ஆபத்தை விளக்க வேண்டுவதில்லை. அச்சரிவை அடுத்திருந்த சாலைக்கட்டணச் சாவடி 2009-இல் அகற்றப்பட்டது; சரிவோ அப்படியே உள்ளது.

ஆகவே, தேய்ந்த தகடுகளை முதலில் மாற்றுதல் வேண்டும். உயர்த்தியே தீரவேண்டுமெனில், 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ்ச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியை முன்கூட்டியே பெறுதல் அவசியம். பின்னர், தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு கட்டைகளைப் பொருத்தி, பிரேக் குழாயின் நீளத்தையும் வால்வின் அமைப்பையும் முன்விளக்கின் நோக்கையும் சரிசெய்தல் வேண்டும். சில நாள் ஓடியபின் அச்சைப் பிணைக்கும் போல்ட்டுகளை மீண்டும் முறுக்குதல் நலம்.

வண்டியின் தகுதிக்கு மேற்பட்ட பளுவை இரண்டு நடையாக ஏற்றிச் செல்வதே அறிவுடைமை. மூட்டைகள் சற்றுத் தாமதமாகச் சேரலாம். வண்டியோட்டியோ நலமாக வீடு சேர்தல் வேண்டும்.