உஷார்! உங்கள் ஈமெயில் யாருடைய எண்ணில் இருக்கிறது?

மாத்தளை மக்களே, இப்போதே போனை எடுங்கள். உங்கள் ஜிமெயிலில் மீட்பு எண்ணாக யாருடைய எண் இருக்கிறது என்று பாருங்கள்.

உங்களுடையதுதானா?

பலர் பார்த்ததே இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்க ஈமெயில் வேண்டும் என்றதும் கொமியூனிகேஷன் கடைக்கு ஓடுகிறோம். கடைக்காரத் தம்பி அவசரத்தில் தன் எண்ணைப் போட்டே கணக்கைத் திறந்து, பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்றைக்கே உங்கள் வீட்டுச் சாவி அவர் சட்டைப்பைக்குப் போய்விட்டது.

ரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போன ஒரு பெண்பிள்ளைக்கு நடந்ததைக் கேளுங்கள். வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட் பிரதி, சாதாரண தரச் சான்றிதழ் எல்லாம் அந்த ஈமெயிலில்தான். போன இடத்தில் போன் உடைந்தது. புதுப் போனில் பாஸ்வேர்டைச் சரியாகத்தான் அடித்தாள். நாடும் புதிது, போனும் புதிது. சந்தேகப்பட்ட கூகுள் ஒரு குறியீட்டை அனுப்பியது. அது போனது கடைக்காரரின் பழைய எண்ணுக்கு. அம்மா மாத்தளை டவுனுக்கு வந்து தேடினால், கடையே இல்லை. சம்பளத்தில் தகராறு வந்தபோது, ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்று காட்ட அந்தப் பிள்ளையிடம் ஒரு தாளும் இல்லை.

பாஸ்வேர்ட் சரி. ஆனாலும் கதவு திறக்கவில்லை!

ரீலோட் போடாமல் விட்ட எண் நாளைக்கு வேறொருவருக்குப் போகலாம். குறியீடும் அவருக்கே போகும். சொந்த எண் என்றாலும் நிம்மதியாக இருக்காதீர்கள். ரோமிங் இல்லாத இலங்கை சிம்முக்கு வெளிநாட்டில் அந்தக் குறியீட்டு எஸ்எம்எஸ் வராது. ஆகவே புறப்படுமுன், வீட்டில் இருக்கும்போதே, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, எஸ்எம்எஸ் வராதபோது அடிக்க வேண்டிய காப்புக் குறியீடுகளை எடுங்கள். கூகுள் 10 தரும். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒருமுறைதான் செல்லும். இரண்டு தாள்களில் எழுதி ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள், ஒன்றை அம்மாவிடம் கொடுங்கள். போனில் மட்டும் வைக்காதீர்கள். போன் தொலைந்தால் அதுவும் தொலையும்!

உள்ளூரில் இருப்பவர்களுக்கும் ஒன்று: தம்புள்ளை, சீகிரியாப் பக்கம் விடுதிக் கணினியில் ஈமெயில் திறக்கவே வேண்டாம். திறந்துவிட்டீர்களா? கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு எழும்புங்கள். 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா' என்று கேட்டால், வேண்டாம் என்று அழுத்துங்கள்.

இவற்றில் ஒன்று நடந்தாலும் பயப்படத்தான் வேண்டும்: நீங்கள் கேட்காமலே குறியீடு வருகிறது. நீங்கள் எழுதாத கடிதம் அனுப்பியவற்றில் கிடக்கிறது. வங்கிக் கடிதம் வந்ததாகச் சொல்கிறார்கள், உங்களிடம் இல்லை. அப்படியானால் செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்' பகுதியைப் பாருங்கள். தெரியாத முகவரி இருந்தால், உங்கள் கடிதங்களை இன்னொருவர் படித்துக்கொண்டிருக்கிறார்! பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த முகவரி போகாது, அதைத் தனியாக அழிக்க வேண்டும்.

கடிதங்கள் ஒரேயடியாகத் தொலைவதும் உண்டு. பெரிய இடத்திலேயே அது நடந்தது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையை ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல், தாக்கியது. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயே போய்விட்டன. அந்த நாட்களுக்குத் தனியாக எடுத்து வைத்த பிரதி இல்லை. ஆகவே முக்கியமான ஆவணங்களை அச்செடுத்து வீட்டில் வையுங்கள். 2 வருடம் திறக்காத கணக்கைக் கூகுளே அழிக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

ஏற்கெனவே பூட்டுப்பட்டுவிட்டதா? விமான நிலையத்தில் நின்று பதற்றத்தில் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். முன்பு அந்தக் கணக்கைத் திறந்த போன் வீட்டில் இருந்தால், வீட்டாரைக் கொண்டு அதிலிருந்தே முயலுங்கள். பழகிய போனையும் பழகிய இடத்தையும்தான் கூகுள் அதிகம் நம்புகிறது. யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்றால், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101இல் அழையுங்கள். இன்றைக்கே.